ஆண்டிறுதியில் ஃபோர்ட் கொச்சிக்குத் தனியாகப் போகிறவர்களுக்கு

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழர்களாகிய எங்களுக்குக் கொச்சி என்பது பெரும்பாலும் பெரிய மருத்துவமனைக்கோ விமான நிலையத்துக்கோ போய்விட்டு அன்றே திரும்பும் ஊர். பாலக்காட்டில் ரயில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்றாலும், அந்த ஊரைப் பார்ப்பதற்கென்றே போனவர்கள் எங்கள் தெருவில் குறைவு. பல ஆண்டுகளாக மனத்தில் கிடந்த ஆசையை நிறைவேற்றிக்கொள்ள, 2022 டிசம்பர் 30 வெள்ளிக்கிழமை நான் போனேன். என் அண்ணன் மகள் உடன் வருவதாக இருந்தது. புறப்படுவதற்கு முதல் நாள் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. வெள்ளி, சனி இரண்டு இரவுகளுக்கும் கொச்சியின் பழைய கடலோரப் பகுதியான ஃபோர்ட் கொச்சியில், வீட்டு அறைகளை வாடகைக்கு விடும் ஒரு ஹோம்ஸ்டேயில் இரவுக்கு 3,200 ரூபாய் வீதம் 6,400 ரூபாயை முன்கூட்டியே கட்டியிருந்ததால், நீங்களாவது போய்வாருங்கள் அத்தை என்று அவளே வற்புறுத்தி அனுப்பிவைத்தாள். அந்தப் பயணத்தில் நான் கண்டவற்றில் பலவற்றை மறக்கவே முடியாது. அதே பயணத்தில்தான் ஆண்டின் கடைசி இரவில், கையில் பெட்டியுடன், தங்க இடமில்லாமல், லட்சக்கணக்கானவர்கள் கூடிய ஊரில் தனியாக நின்றேன். எனக்கு முன்னால் போய்வந்த யாராவது ஒருவர் இதையெல்லாம் சொல்லியிருந்தால் அந்த இரவு வேறு மாதிரி இருந்திருக்கும். ஆகவே என்னைப்போலப் போக நினைக்கும் பெண்களுக்காக நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எர்ணாகுளம் சவுத் நிலையத்தில் இறங்கியதும் ஃபோர்ட் கொச்சி வரை டாக்சி பிடித்துப் போகத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதைச் செய்ய வேண்டாம். நிலையத்திலிருந்து ஆட்டோவில் சிறிது தூரம் போனால் படகுத்துறை வந்துவிடும். அங்கிருந்து மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகில் சில ரூபாய்க் கட்டணத்தில், வில்லிங்டன் தீவையும் துறைமுகத்தின் பெரிய கப்பல்களையும் பார்த்துக்கொண்டே அக்கரை சேரலாம். ஊருக்குள் நுழைவதற்கு இதைவிட அழகான வழி கிடையாது. தோப்பும்படி வழியாகப் பேருந்தில் வந்தால் நெரிசலைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. நான் போன காலத்தில் வாட்டர் மெட்ரோ இன்னும் தொடங்கவில்லை. அது 2023 ஏப்ரலில் தொடங்கி, 2024 ஏப்ரலில் ஃபோர்ட் கொச்சிக்கும் வந்துவிட்டது. ஹைகோர்ட் துறையிலிருந்து குளிரூட்டப்பட்ட மின்படகில் போகலாம், கட்டணம் அரசுப் படகைவிடக் கூடுதல். முதியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு வாட்டர் மெட்ரோ நல்லது, ஏனென்றால் அதன் மிதக்கும் மேடையிலிருந்து படகுக்குள் ஏறுவதில் சிரமமில்லை. எனக்கென்று கேட்டால் காற்று முகத்தில் அடிக்கும் பழைய படகைத்தான் சொல்வேன்.

கரையில் இறங்கி அறையில் பெட்டியை வைத்துவிட்டு வெளியே வந்ததுமே ஓர் ஆட்டோக்காரர் வந்து, "சேச்சி, ஒரு மணிக்கூருக்கு அம்பது ரூபா மதி, எல்லா ஸ்தலமும் காணிக்காம்" என்றார். ஐம்பது ரூபாய்க்கு ஒரு மணி நேரம் என்பது கணக்குக்கு ஒத்துவராத தொகை என்று தெரிந்திருந்தும், ஊர்க்காரர் என்ற நம்பிக்கையில், மட்டாஞ்சேரி அரண்மனையையும் யூதர்களின் பரதேசி ஜெபாலயத்தையும் பார்க்க வேண்டும் என்று சொல்லி ஏறினேன். அரண்மனை வாசலில் பூட்டு தொங்கியது. வெள்ளிக்கிழமைகளில் அரண்மனைக்கு விடுமுறை. ஜெபாலயமோ வெள்ளி பிற்பகலில் மூடிவிடுகிறது, சனிக்கிழமை முழுவதும் திறப்பதில்லை; வெள்ளி சூரிய மறைவோடு அவர்களுடைய ஓய்வுநாள் தொடங்குகிறது. அந்தத் தெருக்களில் நாள்தோறும் ஆட்டோ ஓட்டும் ஒருவருக்கு இவ்விரண்டும் தெரியாமல் இருக்க வழியில்லை. தெரிந்தே அழைத்துவந்தவர், இரண்டும் பூட்டியிருக்கின்றன என்றதும் சற்றும் தயங்காமல் என்னைக் கைவினைப் பொருட்கள் விற்கும் ஒரு பெரிய கடைக்குக் கொண்டுபோனார். வாங்க வேண்டியதில்லை, உள்ளே போய்ப் பத்து நிமிடம் பார்த்தாலே எனக்கு டீசலுக்குக் கூப்பன் கிடைக்கும் என்று அவரே சொன்னார். முதல் கடையில் அவருக்காகப் போய் நின்றேன். இரண்டாவது, மூன்றாவது என்று தொடர்ந்தபோது மறுத்தேன். உடனே கட்டணம் 400 ரூபாய் ஆனது. நடுத்தெருவில் நின்று வாதாட மனமில்லாமல் கொடுத்துவிட்டேன். அந்தப் பணத்தைவிட, ஒரு பிற்பகல் முழுவதும் போனதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

இதிலிருந்து சொல்ல வேண்டியது நாட்களைப் பற்றியது. கொச்சிக்குப் போவதற்கு முன் கிழமையைப் பார்த்துத் திட்டமிட வேண்டும். அரண்மனைக்கு வெள்ளி ஆகாது. ஜெபாலயத்துக்கு வெள்ளி பிற்பகலும் சனியும் யூதர்களின் பண்டிகை நாட்களும் ஆகா. ஃபோர்ட் கொச்சியில் ஆயர் இல்லத்தை ஒட்டிய இந்தோ-போர்த்துகீசிய அருங்காட்சியகத்துக்கும் திருப்பூணித்துறை ஹில் பேலஸுக்கும் திங்கள் ஆகாது. புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் ஞாயிறு காலை ஆராதனை நடக்கும் நேரத்தில் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை அனுமதிப்பதில்லை. மட்டாஞ்சேரியில் இஸ்லாமியர்கள் நடத்தும் உணவகங்கள் பலவும் வெள்ளி நண்பகல் தொழுகை நேரத்தில் அடைத்திருக்கும். ஆக, நம் ஊரார் வார இறுதி என்று தேர்ந்தெடுக்கும் வெள்ளி-சனிதான் இந்த ஊருக்கு மிகவும் பொருந்தாத இரு நாட்கள். செவ்வாய், புதன், வியாழன் என்று வைத்துக்கொண்டால் எல்லாம் திறந்திருக்கும், அறை வாடகையும் குறையும். ஆட்டோவைப் பொறுத்தவரை, ஃபோர்ட் கொச்சியிலிருந்து மட்டாஞ்சேரி ஏறக்குறைய 3 கிலோமீட்டர்தான். ஏறும்போதே, எந்தக் கடையிலும் நிறுத்தக் கூடாது, நேரே கொண்டுபோய் விட்டால் இவ்வளவு தருகிறேன் என்று ஒரு தொகையைச் சொல்லிவிட வேண்டும். மலிவாகக் கேட்கிறவரை விட்டுவிட்டு நியாயமான தொகை கேட்கிறவரோடு போவது நல்லது. கால் வலு உள்ளவர்கள் கல்வத்தி, பஜார் ரோடு வழியாக நடந்தே போகலாம். அரிசி, தேயிலை, மிளகு, சுக்கு மூட்டைகள் அடுக்கிய பழைய கிடங்குகள் வழிநெடுக இருக்கின்றன. அந்த வாசனைக்காகவே ஒரு முறை நடக்க வேண்டும்.

அன்று மாலையைக் கதகளி மீட்டுத் தந்தது. சுற்றுலாப் பயணிகளுக்காகச் சுருக்கப்பட்ட ஆட்டம்தானே என்று சிலர் ஒதுக்குவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மாலை ஆறு மணி ஆட்டத்துக்கு ஐந்து மணிக்கே போய்விட்டால், நடிகர்கள் முகத்தில் வண்ணம் தீட்டிக்கொள்வதையும், அரிசிமாவுக் குழம்பால் தாடையோரம் சுட்டி என்னும் வெள்ளை விளிம்பு வைப்பதையும் அருகில் அமர்ந்து பார்க்க விடுகிறார்கள். கண்ணுக்குள் சுண்டப்பூ விதையை இட்டுக் கண்ணைச் சிவப்பாக்கிக்கொள்வதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். விடிய விடியப் பார்க்க வேண்டிய கலையை முன்பின் அறியாத ஒருவருக்கு, முத்திரைகளை விளக்கிச் சொல்லிவிட்டு ஆடும் இந்தச் சிறிய ஆட்டம் நல்ல நுழைவாயில். தனியாகப் போகும் பெண்ணுக்கு இருட்டிய பிறகு பாதுகாப்பாக அமர்ந்திருக்கக்கூடிய இடமும்கூட.

சனிக்கிழமை காலை மிகவும் நிறைவாகத் தொடங்கியது. விடிந்ததும் கடற்கரைக்குப் போனால் சீன வலைகளை இயக்குகிறவர்கள் வேலையில் இருப்பார்கள். நீண்ட மரக்கைகளில் கட்டிய வலையை நீருக்குள் இறக்கி, சிறிது நேரம் விட்டு, கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட பாறைக் கற்களின் எடையையும் நாலைந்து பேரின் கைபலத்தையும் கொண்டு மேலே தூக்குகிறார்கள். இப்போது மீன் குறைவாகவே விழுகிறது. வெறும் நீர்ப்பாசியும் ஆகாயத்தாமரையும் வந்த வலைகளைப் பார்த்து எனக்கு வருத்தமாக இருந்தது. மேலே ஏறி வந்து கயிற்றைப் பிடித்து இழுங்கள் என்று அழைப்பார்கள். அதற்குப் பிறகு பணம் எதிர்பார்ப்பார்கள். அந்த உழைப்புக்குக் கொடுப்பதில் தவறில்லை, ஏறுவதற்கு முன்பே எவ்வளவு என்று கேட்டுவிட்டால் இருபக்கமும் மனக்கசப்பு இல்லை. மாலை நேரத்தை எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள், ஆனால் கூட்டமில்லாமல் வலைகளைப் பார்க்கக் காலைதான் சரியான வேளை.

அங்கிருந்து நடந்துபோகும் தூரத்திலேயே புனித பிரான்சிஸ் தேவாலயம் இருக்கிறது. 1524-இல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவை முதலில் இங்கேதான் அடக்கம் செய்தார்கள். பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு எச்சங்களைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், கல்லறைக் கல் மட்டும் இருக்கிறது. மேலே துணி விசிறிகள் வரிசையாகத் தொங்குவதையும், வெளியே நின்று இழுக்க அவற்றின் கயிறுகள் சுவரின் துளைகள் வழியே போவதையும் தவறாமல் பாருங்கள். போர்த்துகீசியர் கையிலிருந்து 1663-இல் டச்சுக்காரர் கைக்கும், 1795-இல் ஆங்கிலேயர் கைக்கும் இந்த ஊர் மாறியபோதெல்லாம் இந்தத் தேவாலயமும் கைமாறி இன்று தென்னிந்தியத் திருச்சபையிடம் இருக்கிறது. சாந்தா குரூஸ் பசிலிக்காவின் கதை வேறு: ஆங்கிலேயர் பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்கள், இப்போது நாம் பார்ப்பது 1905-இல் அபிஷேகம் செய்யப்பட்டது. பிறகு ஆட்டோவில், கடை நிறுத்தம் கூடாது என்ற நிபந்தனையோடு, மட்டாஞ்சேரி அரண்மனைக்குப் போனேன். போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்குக் கொடுத்து, பின்னர் டச்சுக்காரர் புதுப்பித்ததால் டச்சு அரண்மனை என்று பெயர் பெற்ற இந்தக் கட்டடம் வெளியிலிருந்து எளிமையான ஓட்டு வீடாகத் தோன்றும். உள்ளே மன்னரின் பள்ளியறைச் சுவர்களில் இராமாயணம் முழுவதும் தீட்டப்பட்டிருக்கிறது. புகைப்படம் எடுக்க அனுமதியில்லை. அதனாலேயே அங்கு நின்று கண்ணால் பார்க்கிறோம். கொச்சியில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரமிருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் இந்த அறையைத்தான் சொல்வேன்.

தமிழர்கள் இன்னோர் இடத்தையும் பார்க்க வேண்டும். ஃபோர்ட் கொச்சியில் வெளி என்னும் பகுதியின் மைதானத்துக்கு அருகில் தோபி கானா என்னும் சலவைத்துறை இருக்கிறது. டச்சுப் படைவீரர்களின் உடைகளை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இங்கே இன்றும் துணி துவைக்கிறார்கள், வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். தனித்தனித் தொட்டிகள், கஞ்சி போட்ட வெள்ளைத் துணிகள், கிளிப் எதுவும் இல்லாமல் முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் செருகிக் காயவைக்கும் முறை, கரி போட்ட கனமான இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றை அங்கே கண்டேன். நான் தமிழில் பேசியதும் ஒரு பெரியவர் வேலையை நிறுத்திவிட்டு, "எந்த ஊரும்மா நீங்க?" என்று கேட்டார். நுழைவுக் கட்டணம் எதுவுமில்லை. அவர்கள் பார்வைப் பொருட்கள் அல்லர், வேலை செய்கிறவர்கள் என்பதை நினைவில் வைத்துக் கேட்டுவிட்டுப் புகைப்படம் எடுக்க வேண்டும். கையால் இயன்றதைக் கொடுத்துவிட்டு வருவது முறை.

மதிய உணவில் அடுத்த இழப்பு. வலைகளுக்கு அருகில் மீன் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மீனை நாமே தேர்ந்தெடுத்து வாங்கினால் பக்கத்துக் கடையில் சமைத்துத் தருவார்கள். ஒரு கரிமீனும் கொஞ்சம் இறாலும் எடுத்தேன், விலை 560 ரூபாய் என்றார்கள். சமைத்துச் சாப்பிட்டு முடித்ததும் வந்த ரசீதில், கரிமீனை வாழையிலையில் பொதிந்து சுடும் பொள்ளிச்சதுக்கு ஒரு கூலி, இறால் வறுவலுக்கு ஒரு கூலி, சோறு, வரி எல்லாம் சேர்ந்து 580 ரூபாய் தனியாக இருந்தது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 1,140 ரூபாய். சுவையில் குறையில்லை, ஆனால் நேரில் கண்ட வலையிலிருந்து வந்த மீன் என்ற எண்ணம் சரியல்ல. அங்கே விற்பதில் பெரும்பகுதி வேறு துறைகளிலிருந்து பனிக்கட்டியில் வருவது, கரிமீனோ காயலின் மீன். மீனின் விலை, எடை போடுவது சுத்தம் செய்வதற்கு முன்பா பின்பா, சமையல் கூலி மீனுக்கா கிலோவுக்கா, சோறும் வரியும் உட்பட முழுத் தொகை எவ்வளவு என்று நான்கையும் கேட்டு, முடிந்தால் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்ட பிறகே மீனைத் தொட வேண்டும்.

கொச்சியில் நன்றாகச் சாப்பிட இவ்வளவு செலவழிக்கத் தேவையே இல்லை. மட்டாஞ்சேரியில் கயீஸ் என்று எல்லோரும் அழைக்கும் பழைய பிரியாணிக் கடை ஒன்று இருக்கிறது. சிறுமணிக் கைமா அரிசியில், காரம் அடங்கி, நெய் மணத்தோடு வரும் ஆட்டுக்கறி பிரியாணி அது. திண்டுக்கல் பிரியாணியின் காரத்துக்குப் பழகிய நாக்குக்கு முதல் கவளம் மென்மையாகத் தோன்றும், மூன்றாம் கவளத்தில் பிடிபட்டுவிடும். தாமதித்துப் போனால் தீர்ந்துவிடும், ஆகவே நண்பகலுக்கு முன்பே போய்விடுங்கள். சைவம் மட்டும் உண்பவர்கள் குஜராத்தி ரோட்டுக்குப் போகலாம். தலைமுறைகளாக வணிகத்துக்காக வந்து தங்கிய குஜராத்திகளின் தெரு அது, இனிப்பும் காரமும் நம்பி வாங்கலாம், பக்கத்திலுள்ள சமணக் கோவிலில் நண்பகலில் புறாக்களுக்குத் தீனி போடுவதையும் பார்க்கலாம். காலைக்கு எந்தச் சிறிய சாயாக் கடையிலும் புட்டும் கடலையும், அல்லது அப்பமும் முட்டைக் கறியும் போதும். மாலையில் பழம்பொரியும் சுலைமானி என்னும் பாலில்லாத் தேநீரும். கிறிஸ்துமஸ் காலத்தில் போகிறவர்கள் ப்ரூடர் என்னும் ரொட்டியைப் பேக்கரிகளில் கேட்டு வாங்குங்கள். டச்சுக்காரர் விட்டுப்போன பண்டம் அது, வேறெங்கும் எளிதில் கிடைக்காது. ஃபோர்ட் கொச்சியில் வெளிநாட்டவருக்காக நடத்தும் கஃபேக்களில் ஒரு காப்பியின் விலையில் மட்டாஞ்சேரியில் வயிறார ஒரு வேளை சாப்பிடலாம். ஆனாலும் பழைய டச்சு வீட்டின் முற்றத்தில் அமர்ந்து ஒரு காப்பி குடிப்பதற்கு அந்த விலையைக் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை.

இனி அந்த இரவு. மதியம் அறைக்குத் திரும்பியபோது ஹோம்ஸ்டேயைக் கவனித்துக்கொண்ட இளைஞர், சனிக்கிழமை இரவுக்கு என் அறை இல்லை, வேறு குடும்பத்துக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார். நான் கட்டிய பணத்தின் ரசீதைக் காட்டினேன். அதே அறை வேண்டுமானால் இன்னும் 5,000 ரூபாய் ஆகும், புத்தாண்டு விலை அது என்றார். மறுத்ததும் குரலை மாற்றிக்கொண்டு, "டீச்சர் பேடிக்கண்டா, ஒன்பது மணிக்கு ஞங்ஙளுடெ பந்துவீட்டில் ரூம் தராம்" (பயப்படாதீர்கள், ஒன்பது மணிக்கு எங்கள் உறவினர் வீட்டில் அறை தருகிறோம்) என்று சொல்லி, பெட்டியை அங்கேயே வைக்கச் சொன்னார். அவர் சொன்னதை நம்பி, ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் பியென்னாலே கலைக் கண்காட்சியின் கூடங்களில் பிற்பகலைக் கழித்தேன். டிசம்பர் 12-இல் தொடங்கியிருக்க வேண்டிய கண்காட்சி அந்த ஆண்டு 23-ஆம் தேதிதான் திறந்திருந்தது. ஆஸ்பின்வால் ஹவுஸின் கடல் பார்த்த கூடங்களில் நேரம் போனதே தெரியவில்லை. வெளியே வந்தபோது தெருவெங்கும் தலைகள். கொச்சின் கார்னிவலின் உச்சம் டிசம்பர் 31 நள்ளிரவில் பப்பாஞ்ஞி என்னும் பெரிய உருவத்தைப் பரேடு மைதானத்தில் எரிப்பது. அதைப் பார்க்க மாலையிலிருந்தே படகு படகாக, பேருந்து பேருந்தாக இளைஞர்கள் வந்து குவிகிறார்கள்.

ஒன்பது மணிக்கு ஹோம்ஸ்டேவுக்குப் போனேன். பெட்டியை வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டு, அந்த வீட்டிலும் ஆள் வந்துவிட்டார்கள் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். அதற்குப் பிறகு என் அழைப்பை எடுக்கவில்லை. அழுகை வந்தது, தெருவில் அழக் கூடாது என்று ஒரு மதிலோரம் சற்று நின்றேன். படகுத்துறைக்குப் போகும் வழியில் எதிரே வந்த கூட்டம் என்னை இரண்டு முறை பின்னுக்குத் தள்ளியது. துறையில் கடைசிப் படகுகளுக்கான வரிசை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. பேருந்துகள் ஊருக்குள் வர முடியாமல் நின்றுவிட்டிருந்தன, ஆட்டோ எதுவும் இல்லை. பட்டாளம் என்னும் பகுதியில் பணியிலிருந்த ஒரு பெண் காவலர், பேருந்து நிறுத்தத்தில் நிற்காதீர்கள், குடும்பத்தோடு வெளியே போகிறவர்களுடன் சேர்ந்து தோப்பும்படி வரை நடந்துவிடுங்கள், அங்கே வண்டி கிடைக்கும் என்றார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த ஒரு தம்பதியுடன் சேர்ந்துகொண்டேன். சுள்ளிக்கல் தாண்டி ஏறக்குறைய 5 கிலோமீட்டர், பெட்டியின் சக்கரம் பாதி வழியில் உடைந்தது. அந்தச் சகோதரர் பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டார். தோப்பும்படியில் ஓர் ஆட்டோ 700 ரூபாய் கேட்டது, கொடுத்தேன். ஞாயிறு மாலை ரயிலுக்கு முன்பதிவுச் சீட்டு இருந்ததால் எர்ணாகுளம் சவுத் நிலையத்தின் பெண்கள் காத்திருப்பறையில் உட்கார விட்டார்கள். அங்கேதான் எனக்குப் புத்தாண்டு பிறந்தது. பரேடு மைதானத்து நெரிசலில் பலர் மயங்கி விழுந்ததையும் காயமுற்றதையும் பின்னர் செய்தியில் படித்தபோது, வெளியே அனுப்பிவைத்த அந்தக் காவலருக்கு மனத்துக்குள் நன்றி சொன்னேன்.

அதன் பிறகு காவல்துறையின் கட்டுப்பாடுகள் கடுமையாகிவிட்டன. 31-ஆம் தேதி பிற்பகலிலிருந்தே வெளி வாகனங்களை உள்ளே விடுவதில்லை. இருந்தாலும் தனியாகப் போகும் பெண்களிடம் நான் சொல்வது, டிசம்பர் 31 இரவை ஃபோர்ட் கொச்சியில் கழிக்காதீர்கள் என்பதே. கார்னிவல் அந்த ஓர் இரவு மட்டுமல்ல. கடைசி வாரம் முழுவதும் போட்டிகளும் அலங்காரங்களும் உண்டு, ஜனவரி 1 பிற்பகலில் ஊர்வலம் உண்டு, அவற்றைப் பகலில் பார்த்துவிட்டு எர்ணாகுளத்தில் தங்கலாம். அங்கே நார்த் ரயில் நிலையத்துக்கு அருகில், பரமாரா சாலையில், மாநகராட்சி பெண்களுக்கென்றே 2023-இல் திறந்த ஷீ லாட்ஜ் இருக்கிறது, வாடகை மிகக் குறைவு. பக்கத்திலேயே குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்கள் நடத்தும் சம்ருத்தி உணவகம். 2021-இல் பத்து ரூபாய்ச் சாப்பாட்டோடு தொடங்கியது அது. ரயில் சீட்டின் பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு நிலையத்தின் ஓய்வறையையும் முன்கூட்டியே இணையத்தில் பதிவுசெய்யலாம். ஹோம்ஸ்டே எடுப்பவர்கள் கேரள சுற்றுலாத் துறையின் டைமண்ட், கோல்டு, சில்வர் தரச்சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். எந்த இரவுகளுக்கு, எவ்வளவு தொகை, மேற்கொண்டு எதுவும் இல்லை என்பதை எழுத்தில், வாட்ஸ்ஆப்பிலாவது, வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். சிக்கல் வந்தால் ஃபோர்ட் கொச்சியிலேயே சுற்றுலாக் காவல் நிலையம் இருக்கிறது. 112-ஐயும், பெண்களுக்கான பிங்க் ரோந்துக் காவலின் 1515-ஐயும் அழைக்கலாம். ஒன்பது மணிக்கு அறை தருகிறோம் என்று மதியம் சொன்னால், அறையைப் பார்த்துச் சாவியை வாங்கிய பிறகே பெட்டியைக் கைவிட வேண்டும். இல்லையென்றால் வெளிச்சம் இருக்கும்போதே, கூட்டம் உள்ளே வந்துகொண்டிருக்கும்போதே, காலியாகத் திரும்பும் படகில் ஏறிவிட வேண்டும்.

ஞாயிறு காலை முகம் கழுவிக்கொண்டதும், ரயில் வரும்வரை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பதா என்று யோசித்தேன். பார்க்க வந்ததைப் பார்க்காமல் போக மனம் ஒப்பவில்லை. பெட்டியை நிலையத்தின் பொருள் காப்பறையில் வைத்துவிட்டு மட்டாஞ்சேரிப் பேருந்தில் ஏறினேன். 1568-இல் கட்டப்பட்ட ஜெபாலயம் ஞாயிறன்று காலை பத்து மணிக்குத் திறந்தது. காலணியைக் கழற்றிவிட்டு, சீனாவிலிருந்து வந்த நீலமும் வெள்ளையுமான ஓடுகளின் மேல் நடந்தேன். கையால் தீட்டியவை என்பதால் எந்த இரண்டு ஓடுகளும் ஒன்றுபோல் இல்லை. மேலே வெவ்வேறு நிறக் கண்ணாடி விளக்குகள், நடுவே பித்தளைக் கம்பிகள் சூழ்ந்த மேடை. இந்த இனத்தாரில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள், நான் போனபோதே இங்கே எஞ்சியிருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கையில்லாத உடையோ அரைக்கால் சட்டையோ போட்டுக்கொண்டு போனால் உள்ளே விடமாட்டார்கள். வெளியே தெருவில் பழம்பொருள் கடைகளின் விலையைக் கேட்டுவிட்டு எதுவும் வாங்காமல், பிரியாணிக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தேன்.

ஊர் திரும்பிய பின் பணத்தை விட்டுவிடச் சொன்னார்கள் வீட்டில். நான் விடவில்லை. ரசீது, வாட்ஸ்ஆப் செய்திகள், அழைப்புகளின் பட்டியல் எல்லாவற்றையும் சேர்த்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவை எங்கே நடந்திருந்தாலும், புகார் செய்பவர் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குகளுக்குக் கட்டணமும் இல்லை. எர்ணாகுளத்துக்கு அலைய வேண்டியதில்லை, பாலக்காட்டிலேயே தொடுக்கப் போகிறேன் என்று அந்த ஹோம்ஸ்டேவுக்கு எழுதினேன். மார்ச் மாதத்தில் 3,200 ரூபாய் என் கணக்குக்கு வந்து சேர்ந்தது. ஆட்டோவுக்குக் கொடுத்த 700 ரூபாயையும் சேர்த்துக் கேட்டிருந்தேன், அது வரவில்லை. இப்போது அண்ணன் மகளுடன் மறுபடி போகப் பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமையைப் பார்த்து வைத்திருக்கிறோம். அறையை எர்ணாகுளத்தில் எடுத்துவிட்டோம்.